நைரோபியா, நேபாளமா, கொருக்குப்பேட்டையா? மாணவர் சுகாதாரத் தொண்டுக்கு ஏற்ற வழி எது

செமஸ்டர் விடுமுறை நெருங்கினால் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸாப் குழுக்களிலும் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பிக்கும்: வெளிநாட்டில் இரண்டு வாரம் சுகாதாரத் தொண்டு, சான்றிதழ் உண்டு, இடங்கள் குறைவு. நர்சிங், மருத்துவம், சமூகப்பணி, நுண்ணுயிரியல் படிக்கும் வடசென்னைப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் பேச்சை எடுக்கிறார்கள். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு பிள்ளை, தனக்கு முன்பின் தெரியாத ஊர்க்காரருக்கு உதவ நினைப்பது பெரிய மனசு. அந்த மனசும், அதற்காக வீட்டில் புரட்டப்போகும் பணமும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் நிறுவனத்தோடு இரண்டு வாரம் போவது ஒன்று. உங்கள் கல்லூரியும் அந்த நாட்டுக் கல்லூரியோ மருத்துவமனையோ ஒப்பந்தம் போட்டு, ஆறு முதல் எட்டு வாரம் அங்கே வேலை செய்வது இரண்டாவது. சென்னையில் உட்கார்ந்தபடியே கணினி வழியாக வெளிநாட்டுத் திட்டங்களுக்கு உழைப்பது மூன்றாவது. முதலில் ஒரு வருடம் வடசென்னைத் தெருக்களிலேயே வேலை பழகிவிட்டுப் பிறகு வெளிநாடு போவது நான்காவது.

எந்த வழியானாலும் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த வேலையை அங்கே யார் கேட்டார்கள்? நீங்கள் தப்புச் செய்தால் பக்கத்தில் நின்று திருத்தப்போவது யார்? நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் அதே வேலையைச் செய்யப்போவது யார்? மூன்றுக்கும் பதிலாக ஒரு மனிதரின் பெயரும் பதவியும் கிடைத்தால் மேலே போகலாம். "எங்கள் குழு பார்த்துக்கொள்ளும்" என்பது பதில் ஆகாது.

இரண்டு வாரப் பயணம்

முதலில் நாட்களை எண்ணுங்கள். சென்னையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் கிடையாது. மாறிப் போய்த் திரும்ப மூன்று நாள் கழியும். அறிமுக வகுப்புக்கு ஒரு நாள். இரண்டு சனி, ஞாயிறுகள் ஊர் சுற்றிக்காட்டுவதில் போகும். பதினான்கில் மிஞ்சுவது ஆறு வேலை நாள். அதிலும் புது ஊர்த் தண்ணீரும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் ஓரிரு நாள் வயிறு கெடுவது சாதாரணம். மொழி தெரியாது, மொழிபெயர்க்க ஓர் உள்ளூர் நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ தன் வேலையை விட்டுவிட்டு உங்கள் கூடவே நடக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அந்த ஆறு நாளும் அந்த ஊருக்கு ஓர் ஆள் கூடவில்லை, ஓர் ஆள் குறைந்திருக்கிறது.

இந்தப் பயணங்களில் அதிகம் நடப்பது ஒருநாள் மருத்துவ முகாம். வரிசையில் வருகிறவர்களுக்கு மாணவர் ரத்த அழுத்தம் பார்க்கிறார். மேடேறி வந்து நின்ற அம்மாவுக்கு ஐந்து நிமிடம்கூட உட்கார இடம் தராமல், சட்டைக்கைமேலேயே பட்டையைச் சுற்றி, கை தொங்கிக்கொண்டிருக்க அளந்தால் எண் கூடத்தான் காட்டும். ஒரே ஒரு அளவை வைத்து "உங்களுக்குப் பிரஷர்" என்று சொல்லிப் பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வண்டி அடுத்த கிராமத்துக்குப் போய்விடும். பதினோராம் நாள் மாத்திரைக்கு அவர் எங்கே போவார்? வெளிநாட்டு டாக்டர் கொடுத்ததுதான் நல்ல மாத்திரை என்று நினைத்து உள்ளூர் சுகாதார நிலையத்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஒருநாள் முகாமின் பெரிய சேதம் இதுதான்.

இதைவிட ஆபத்தானது எல்லை மீறுவது. ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவத்தில் கை வைப்பது என்று சென்னையில் உங்களைத் தனியாகச் செய்ய விடாத எதையும் அங்கேயும் செய்யக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் அங்கே விடுவார்கள். விடுவதனால் அது சரியாகிவிடாது. ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை மிக அருகில் எங்கே கிடைக்கும், எத்தனை கிலோமீட்டர் என்று அழைத்துப்போகிற நிறுவனத்திடம் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

உதவப் போனவர்களோடு நோயும் போன வரலாறு உண்டு. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அந்த அக்டோபரில் ஹைட்டியில் காலரா வெடித்தது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் தொடக்கம் என்று ஆய்வுகள் காட்டின. பத்தாயிரம் பேரளவில் இறந்தார்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மாணவர் குழு தங்கும் இடத்தின் செப்டிக் டேங்க் எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

பையில் மருந்து அள்ளிப்போகும் ஆசையும் பலருக்கு வரும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் கட்டாத பழந்துணி மலைமலையாகக் கிடந்தது நமக்கு நினைவிருக்கிறது. மருந்திலும் அதே கதைதான். அந்த நாட்டில் பழக்கத்தில் இல்லாத மாத்திரை, புரியாத மொழியில் லேபிள், மூன்று மாதத்தில் முடியும் காலாவதி. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் கெடு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அவர்கள் எழுதிக் கேட்காத மருந்தைக் கொண்டுபோகாதீர்கள்.

அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு சில நாள் என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தால் அந்தத் திட்டமே வேண்டாம். பார்க்க வருகிறவர்களின் காசுக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளை இல்லங்களில் சேர்க்கும் வழக்கம் நேபாளத்திலும் கம்போடியாவிலும் அம்பலமாகியிருக்கிறது.

அப்படியானால் இரண்டு வாரத்தால் எதற்குமே பயனில்லையா? ஒன்றுக்கு உண்டு. கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு பல்கலைக்கழகத்தின் குறும்படிப்பில் சேர்ந்து, நோயாளியைத் தொடாமல், பார்த்து எழுதிக்கொண்டு வருவது. அது படிப்பு. தொண்டு என்று பெயர் வைக்காமல் போனால் நேர்மையான பயணம்.

கல்லூரிக்குக் கல்லூரி, ஆறு முதல் எட்டு வாரம்

வெளிநாட்டுச் சுகாதார உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1956இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அன்றைய மதராஸ் அரசோடு சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மையம் ஒன்றைத் தொடங்கின. ஐந்தாண்டு என்று திட்டம் போட்டுத்தான் வந்தார்கள். நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்து, பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். சத்தான சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலும் மருந்து ஒழுங்காகப் போனால் நோய் குணமாகிறது, கூட இருப்பவர்களுக்குத் தொற்றும் அபாயமும் அதனால் கூடுவதில்லை என்று 1959இல் தெரிந்தது. உலகமே சானடோரியத்தை விட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாற அது காரணமானது. வீடு வீடாகப் போனது நம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள். அந்த மையம் இன்றும் தேசிய நிறுவனமாக நடக்கிறது. வெளிநாட்டுக்காரர் கண்ணில் நாமும் ஏழை நாட்டு மக்களாக இருந்தவர்கள்தான். நம் வீட்டுக்கு வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ, அப்படி நாமும் அங்கே போய் நடந்துகொண்டால் சரி.

இந்த வழியில் போக ஒரு வருடத்துக்கு முன்பே வேலை தொடங்க வேண்டும். முதலில் இரு கல்லூரிகளின் ஒப்பந்தம். துறைத்தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, முதல்வர் கையெழுத்து வேண்டும். மக்களிடம் தகவல் எடுப்பதாக இருந்தால் உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியும், அந்த நாட்டு அனுமதியும் தனித்தனியாகத் தேவை. நேபாளத்தில் அது நேபாள சுகாதார ஆராய்ச்சி மன்றம். கென்யாவில் அங்கீகரிக்கப்பட்ட நெறிமுறைக் குழுவோடு, தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் ஆய்வு உரிமமும் வேண்டும். அனுமதி தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் கேள்வித்தாள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய கேள்வித்தாளை உள்ளூர் மொழியில் பெயர்த்து, இன்னொருவரை வைத்துத் திரும்பப் பெயர்த்துச் சரிபார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். நம் பகுதியில் அது தடைப்படுவது காசால் அல்ல, முகவரியால். வாடகை வீடு மாறியிருப்பார்கள், அல்லது குடும்பத்தைப் பெரும்பாக்கம் பக்கம் மறுகுடியமர்த்தியிருப்பார்கள். ஆதாரில் பழைய தெருவே இருக்கும். போலீஸ் விசாரணைக்கு வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவார். முதலில் ஆதார் முகவரியை மாற்றுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். விசாவிலும் கவனம் தேவை. சம்பளம் வாங்காவிட்டாலும், சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது பல நாடுகளில் விதிமீறல். நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே நோயாளியைத் தொட அது அனுமதி ஆகாது.

தடுப்பூசிகளில் முந்திக்கொள்ள வேண்டியது ஹெபடைடிஸ் பி. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கியாக வேண்டும். கென்யா, உகாண்டா போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்; வடசென்னைக்குப் பக்கம் ராஜாஜி சாலையில் உள்ள துறைமுகச் சுகாதார அலுவலகம். எந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்பே விசாரித்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடி. முட்டை ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கென்யாவுக்குள் நுழையும்போது இந்தியரிடம் அந்த அட்டையைக் கேட்காமல் விடலாம்; மாட்டிக்கொள்வது திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

எந்த நாடு என்பதில் மழையையும் மொழியையும் பாருங்கள். நம் கல்லூரி விடுமுறை ஏப்ரல், மே. கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம்; கிராமத்து மண்சாலைகள் கரைந்துவிடும், விக்டோரியா ஏரிப் பக்கம் மலேரியா ஏறும். நைரோபி உயரமான ஊர், அங்கே மலேரியா குறைவு; ஏரிக்கரை ஊரான கிசுமு போனால் தடுப்பு மாத்திரை இல்லாமல் போகக் கூடாது. டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதிக்கொடுத்தால் தினம் 100 மில்லிகிராம், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். திரும்பி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

நேபாளத்தில் ஜூன் நடுவில் மழை இறங்கி மலைச்சாலைகள் சரிய ஆரம்பிக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் போய் மே முடிவில் திரும்பினால் நல்லது. அங்கே 1988இல் தொடங்கிய பெண் சமுதாயச் சுகாதாரத் தொண்டர் படை ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறது. அதே ஊர்ப் பெண்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பதும் அவர்கள்தான். மாணவர் அந்த அக்காவுக்குப் பதிலாக நின்று செய்ய எதுவும் இல்லை. அவர் எழுதிய பதிவேட்டைக் கணினியில் ஏற்ற, எடைத் தராசைச் சரிபார்க்கத் துணையாக இருக்கலாம். சௌகார்பேட்டையில் இந்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நேபாளி கொஞ்சம் சீக்கிரம் பிடிபடும்.

இலங்கை மலையகத்தில் மொழிச் சிக்கல் இல்லை என்று நினைப்போம். முழுக்கச் சரியில்லை. இலங்கைத் தமிழில் 'வருத்தம்' என்றால் நோய். நம் பிள்ளை "வருத்தப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்ல, கேட்பவர் வேறு ஏதோ புரிந்துகொள்வார். நமக்குப் பேதி அங்கே வயிற்றோட்டம், ஆஸ்பத்திரி வைத்தியசாலை. ஒரு வாரத்தில் காது பழகிவிடும். சுவாஹிலிக்கு ஆறு மாதமும் போதாது. ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயன் அறைகளில் ரத்தசோகையும் குழந்தை எடைக்குறைவும் நெடுநாள் பிரச்சினை. ஆனால் இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு வலுவானது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற நாடு அது. அங்கே வைத்தியம் பார்க்க நம் மாணவர் தேவையில்லை. தமிழில் நல்ல சுகாதாரப் படக்கதை, சுவரொட்டி, பயிற்சிக் குறிப்பு தயாரிக்க ஆள் தேவைப்படலாம். எட்டு வாரம் இருக்க முடிந்த வடசென்னை மாணவருக்கு, அழைப்பு கிடைத்தால், எங்கள் முதல் தேர்வு மலையகம்தான். தான் பேசுவதை எதிரிலிருப்பவர் நேரடியாகப் புரிந்துகொள்வதைவிடப் பெரிய கருவி எதுவும் இல்லை. அதற்கு ஓர் உதாரணம்: வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980 முதல் பத்தாண்டில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் வயிற்றுப்போக்குக்கு உப்பு, வெல்லக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீர். கற்றுக்கொடுத்த பெண்களுக்கு, அந்தத் தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பிறகு போய்ச் சோதித்துத்தான் சம்பளம் கணக்கிட்டார்கள். வெளியூர்க்காரர் ஆறு நாளில் செய்யக்கூடிய வேலையா அது?

கணினி வழித் தொண்டு

பணம் இல்லை, வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்பவர்களுக்கு இது இரண்டாந்தர வழி அல்ல. 2014இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மனிதாபிமானக் குழு ஆகியவை சேர்ந்து மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தைத் தொடங்கின. தடுப்பூசி போடப்போகிறவருக்கு ஒரு கிராமத்தில் எத்தனை வீடு, எந்தப் பாதை என்று தெரிய வேண்டும். வரைபடமே இல்லாத ஊர்கள் ஏராளம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டுக் கூரைகளையும் சாலைகளையும் கோடிட்டுக் கொடுப்பதுதான் வேலை. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் இப்படி வரைந்தார்கள்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் மூன்று நான்குதான். கூரையின் நிழலையும் சேர்த்து வரைந்துவிடுவது. ஒட்டி நிற்கும் நான்கு வீட்டை ஒரே கட்டமாகப் போட்டுவிடுவது. வரையும் மென்பொருளில் 'க்யூ' விசையை அழுத்தி மூலைகளைச் செங்கோணமாக்க மறப்பது. வரைய எடுத்துக்கொண்ட வரைபடச் சதுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு 'முடிந்தது' என்று குறிப்பது. கடைசித் தவறுதான் மோசம். அந்தச் சதுரத்தில் விடுபட்ட வீடு தடுப்பூசிக் கணக்கிலும் விடுபடும். வாரம் மூன்று மணி நேரம் ஆறு மாதம் உட்கார்ந்தால், பிறர் வேலையைச் சரிபார்க்கும் அளவுக்குக் கை பழகும். செலவு இன்டர்நெட் டேட்டா மட்டும். மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: கேட்ட அமைப்பின் பெயர் பணிப் பக்கத்திலேயே இருக்கும், திருத்த சரிபார்ப்பவர் இருக்கிறார், நீங்கள் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரலாம். மனிதர் முகம் பார்க்காத வேலை என்பதுதான் குறை.

ஒரு வருடம் இங்கே, பிறகு அங்கே

வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தக்க திறமையை வடசென்னை போல் கற்றுக்கொடுக்கும் இடம் குறைவு. தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைத் தெருக்களில் வீட்டு வாசலில் அடிபம்பு. குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடாது. குறித்த நேரத்துக்குத்தான் விடுவார்கள். விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. வெளியே பக்கத்திலேயே சாக்கடை. மூட்டு விலகிய இடத்திலும் ஓட்டை விழுந்த இடத்திலும் கழிவுநீர் உள்ளே இறங்கும். பம்பை அடிக்கும்போது உறிஞ்சும் விசையில் இன்னும் இறங்கும். "மொத தண்ணி கலீஜா வருது, கொஞ்ச நேரம் அடிச்சா சரியாயிடும்" என்று அம்மாக்கள் சொல்வது நுட்பமான கவனிப்பு. எனவே கிருமியைக் கொல்லும் அளவுக்குத் தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறவர் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகக் கூடாது. முதல் தண்ணீர், பத்து நிமிடம் அடித்த பிறகு வருவது, வீட்டுக்குள் பேரலில் இருப்பது என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்.

குளோரோஸ்கோப் என்ற குளோரின் சோதனைக் கருவியில் குறி வரை தண்ணீர் ஊற்றி, கூட வந்த குறிப்பில் சொன்னபடி நிறம் காட்டும் மருந்தான ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு, பத்து விநாடிக்குள் மஞ்சள் நிறத்தை ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கழிவோடு சேர்ந்துபோன குளோரினும் நிறம் காட்டும். தண்ணீர் நல்லது என்று ஏமாந்துவிடுவோம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் பூஜ்யம் காட்டினால் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வதற்கு முன் மருந்துப் பாட்டிலைப் பாருங்கள். வெயிலில் பைக் பெட்டியில் வைத்துத் திரிந்த மருந்து செத்துப்போயிருக்கும்.

பேரலில் குளோரின் போடுவதிலும் கைப்பக்குவம் உண்டு. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வேண்டும். 200 லிட்டர் பேரலுக்கு அரை கிராம். அதைக் கண்ணளவில் போட முடியாது. நான்கு பேரலுக்கான 2 கிராமை மருந்துக்கடைத் தராசில் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஒரு லிட்டராக்கிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரைப் பேரலுக்குக் கால் லிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பவுடர் மூட்டையை வாய் கட்டாமல் வைத்தால் வீரியம் போய்விடும். பிறகு போட்டதெல்லாம் வெறும் சுண்ணாம்பு. அதே பேரலின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, டெங்குக் கொசுவின் முட்டை ஒட்டியிருக்கும். கவிழ்த்து ஊற்றினால் போகாது. காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் வாரம் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

இதை ஆறு மாதம் செய்தவர் நைரோபியின் கிபேரா குடியிருப்புக்குப் போனால் முதல் நாளே புரிந்துகொள்வார். சாக்கடையை ஒட்டி ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், விட்டுவிட்டு வரும் தண்ணீர், 20 லிட்டர் மஞ்சள் கேன். பெயர்கள் வேறு, கோளாறு ஒன்று. காட்மாண்டுவின் லாரித் தண்ணீரும் அப்படியே. டெங்கு நேபாளத்தையும் விடவில்லை. 2022இல் பெரிய அலையே அடித்தது.

காசநோய் இரண்டாவது பாடம். மருந்து கொடுப்பது மாணவர் வேலை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை இருக்கிறதா என்று கேட்டு, சளிப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆறு மாதச் சிகிச்சையில் யாரும் நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சளி எடுக்கச் சொன்னால் எச்சில்தான் வரும். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக இரண்டு மூச்சு இழுத்து, காற்றோட்டமான மொட்டை மாடியில் நின்று இருமித் துப்பச் சொல்ல வேண்டும். ஹவுசிங் போர்டு மாடியில் ஒரு கதவில் பேசினால் ஆறு கதவுக்குக் கேட்கும். ஃபைலோடு நின்று "டிபி பேஷன்ட் வீடு இதுதானே" என்று கேட்ட ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே நின்றுபோகலாம். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டு, கீழே இறங்கி வந்து பேசுங்கள். 2022இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எக்ஸ்ரேகூட இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டவர் எந்த நாட்டுக் கிராமத்திலும் பயன்படுவார்.

நேரம் பார்ப்பதும் ஒரு திறமை. காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்குப் போனவரைக் காலை பத்து மணிக்குத் தட்டி எழுப்பிக் கேள்வித்தாள் நீட்டக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் பலர் வீட்டில் இருப்பார்கள், அது உங்கள் விடுமுறையும்கூட. கையில் காசில்லாத காலமும் அதுதான், பேச்சில் பதம் வேண்டும். எந்த நாட்டில் கணக்கெடுத்தாலும் அந்த ஊரின் தடைக்காலம் எது, அறுவடைக்காலம் எது என்று முதலில் கேட்கிறவராக இது உங்களை மாற்றும்.

இங்கே தொடங்குவதற்கு வாசல்களும் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் எப்படியும் கணக்கில் வரும். மரம் நட்டுப் படம் எடுப்பதற்குப் பதில் அதை ஒரே தெருவில் செலவிடலாம். மருத்துவ மாணவருக்குச் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்பு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவோடு மாதம் இரண்டு நாள் நடந்தால், ரத்த அழுத்தம் பார்ப்பதில் கை சுத்தமாகும். உங்கள் நோட்டில் 120, 130, 140 என்று எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தால் நீங்கள் அளக்கவில்லை, தோராயமாக எழுதுகிறீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் நிற்பவர் அதே கையில் பார்த்து நான்கு புள்ளிக்குள் ஒத்துவரும் வரை பழக வேண்டும்.

யாருக்கு எது

முதல், இரண்டாம் ஆண்டு மாணவருக்கு வெளிநாடு இப்போது வேண்டாம்; தெருவும் கணினியும் போதும். மூன்றாம் ஆண்டுக்கு மேல், ஒரு திறமையில் கை தேர்ந்து, எட்டு வாரம் ஒதுக்க முடிந்தால் கல்லூரி வழியாகப் போகலாம். கடன் வாங்கி இரண்டு வாரப் பயணத்துக்குக் கட்டணம் கட்ட நினைக்கும் குடும்பத்திடம் எங்கள் பதில் ஒன்றுதான்: கட்டாதீர்கள். பிள்ளை படிப்பு முடித்துப் பதிவு பெற்ற நர்ஸாகவோ டாக்டராகவோ ஆன பிறகு, சம்பளத்தோடும் காப்பீட்டோடும் அழைத்துப்போகும் அமைப்புகள் இருக்கின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மாணவரைக் களத்துக்கு எடுப்பதே இல்லை. பணி அனுபவம் கேட்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

போவது என்று முடிவானால், அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். என்ன செய்யத் தெரியும், எத்தனை மாதம் எங்கே செய்திருக்கிறீர்கள், என்ன செய்யத் தெரியாது என்று எழுதுங்கள். எந்த மாதத்தில் வந்தால் உங்கள் பணியாளருக்குத் தொந்தரவு குறைவு, வரும்போது என்ன கொண்டுவரலாம், போகும்போது எங்கள் பதிவுகளை யாரிடம் எந்த வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள். "எப்போது வேண்டுமானாலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். "மே மாதம் தடுப்பூசி வேலை இருக்கிறது, உங்களைக் கவனிக்க ஆள் இல்லை, நவம்பரில் இரண்டு பேர் மட்டும் வாருங்கள், எடைத் தராசு சரிபார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும்" என்று வந்தால், கல்லூரியில் விடுப்புக்குப் பேசி, நவம்பருக்கு டிக்கெட் பாருங்கள்.